சிறிய சிஎன்சி இயந்திரமும் அதன் பூஜ்யமும்

சிஎன்சி இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்த கணத்தில், வெட்டும் டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. மேசையின் நடுவில் நிற்கலாம், ஒரு மூலையில் நிற்கலாம். முந்தின நாள் யாராவது கையால் தள்ளி வைத்திருக்கலாம். திரையில் எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று அச்சுகளுக்கும் நேராகப் பூஜ்யம் தெரியும். ஆனால் அந்தப் பூஜ்யத்துக்கும் இயந்திரத்தின் உடலில் உள்ள எந்த இடத்துக்கும் தொடர்பு கிடையாது. அந்தத் தொடர்பை உண்டாக்குவதுதான் ஹோமிங். ஒவ்வொரு அச்சும் தன் ஓரத்தில் பொருத்தப்பட்ட ஸ்விட்சை நோக்கி நகர்ந்து, அதைத் தொட்டு, அங்கிருந்து தன் தூரக் கணக்கைத் தொடங்குகிறது.

வீட்டில் கட்டப்படும் இயந்திரங்களிலும், விலை குறைவாகக் கிடைக்கும் மேசை இயந்திரங்களிலும் பெரும்பாலும் ஸ்டெப்பர் மோட்டார்தான் இருக்கும். ஒரு சுற்றை 200 சம பங்காகப் பிரித்து, ஒரு துடிப்புக்கு ஒரு பங்கு, அதாவது 1.8 பாகை, நகரும் மோட்டார் இது. கன்ட்ரோலர் துடிப்புகளை அனுப்புகிறதே தவிர, மோட்டார் உண்மையிலேயே நகர்ந்ததா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு அடியெண்ணி நடப்பவர் போன்ற நிலை அது. எண்ணிக்கை எவ்வளவு சரியாக இருந்தாலும், புறப்பட்ட இடம் தெரியாவிட்டால் வந்து சேர்ந்த இடமும் தெரியாது.

ஹோமிங் இல்லாமலும் வேலை செய்யலாம். 300 மி.மீ. நீளமும் 180 மி.மீ. அகலமும் கொண்ட வேலைப் பரப்பால் 3018 என்று பெயர் பெற்ற சிறிய இயந்திரங்கள் பல, லிமிட் ஸ்விட்ச் இல்லாமலேயே விற்கப்பட்டன. மரப்பலகையின் ஒரு மூலைக்கு டூலைக் கொண்டுபோய், அதையே பூஜ்யம் என்று அறிவித்துவிட்டு, ஒரே மூச்சில் செதுக்கி முடிக்கும் பெயர்ப்பலகைக்கு அது போதும். நடுவில் மின்சாரம் போனாலோ, இரு பக்கமும் வெட்ட வேண்டிய பிசிபியைத் திருப்பிப் போட வேண்டி வந்தாலோ, ஒரே பொருளை மறுநாளும் அதே வைஸில் பிடித்து வெட்ட வேண்டியிருந்தாலோ அந்த முறை கைவிட்டுவிடும். மின்சாரம் திரும்பி வரும்போது ஸ்டெப்பர் டிரைவர் தன் உள் அட்டவணையின் தொடக்க நிலையிலிருந்து ஆரம்பிக்கும். மோட்டாரின் அச்சு அதற்கு ஏற்ப இரண்டு முழு ஸ்டெப் வரை முன்னாலோ பின்னாலோ துள்ளலாம். இயந்திரம் அசையாமல் நின்றதுபோல் கண்ணுக்குத் தோன்றினாலும் பழைய இடம் போய்விட்டது.

இரண்டு பூஜ்யங்கள்

புதிதாகப் பழகுபவர்களை அதிகம் குழப்புவது, இயந்திரத்தின் பூஜ்யமும் ஜாபின் பூஜ்யமும் ஒன்று என்ற எண்ணம். ஹோமிங் கண்டுபிடிப்பது இயந்திரத்தின் பூஜ்யத்தை. அது இயந்திரத்தின் சட்டத்தோடு ஒட்டியது. ஸ்விட்சை நகர்த்தாதவரை மாறாது. ஜாபின் பூஜ்யம் என்பது மேசைமேல் பிடித்து வைத்திருக்கும் மரத்துண்டின் மூலையோ, அலுமினியத் தகட்டின் நடுவோ. ஜாப் மாறினால் அதுவும் மாறும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் கன்ட்ரோலர் ஆஃப்செட் என்று நினைவில் வைத்துக்கொள்கிறது.

ஜி54 முதல் ஜி59 வரையிலான ஆறு கட்டளைகள் இப்படிப்பட்ட ஆறு ஆஃப்செட்டுகளைக் குறிக்கின்றன. ஜிஆர்பிஎல் போன்ற கன்ட்ரோலர் மென்பொருள்கள் இவற்றை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதி வைக்கின்றன. ஆகவே வேலையின் நடுவில் மின்சாரம் போனால் மீட்கும் வழி எளியது: இயந்திரத்தை மறுபடி ஹோம் செய்து, ஜி54-ஐ அழைத்தால், ஜாபின் பழைய மூலை பழைய இடத்திலேயே கிடைக்கும். ஜி92 என்ற இன்னொரு கட்டளையாலும் பூஜ்யத்தை அமைக்கலாம். ஜிஆர்பிஎல் அதை நினைவில் வைப்பதில்லை. ஜி92-ஐ நம்பி ஜாபை அமைப்பவர்கள் முதல் மின்வெட்டிலேயே அதன் விலையைத் தெரிந்துகொள்வார்கள்.

இதிலிருந்து முக்கியமான ஒன்று பிறக்கிறது. ஸ்விட்ச் சட்டத்தின் ஓரத்திலிருந்து 12 மி.மீ. தள்ளி இருக்கிறதா, 12.3 மி.மீ. தள்ளி இருக்கிறதா என்பதில் ஒன்றும் இல்லை. அந்தத் தூரம் எதுவானாலும் ஆஃப்செட் அதைச் சரிக்கட்டிவிடும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் ஸ்விட்ச் விழுகிறதா, அதாவது இயங்குகிறதா, என்பதுதான் கேள்வி. ஹோமிங்கின் துல்லியம் என்று பேசும்போது பேசப்படுவது இந்த மாறாத்தன்மையையே. விலை உயர்ந்த ஸ்விட்ச் வாங்குவதற்கு முன்னால், கையில் இருப்பதை அசையாமல் பொருத்துவதும் சரியான வேகத்தில் தொடுவதும் அதிகப் பலன் தரும்.

சுழற்சி நடக்கும் விதம்

பொழுதுபோக்கு இயந்திரங்களில் மிகப் பரவலாக உள்ள ஜிஆர்பிஎல்லை எடுத்துக்கொண்டால் வரிசை தெளிவாகத் தெரியும். 2009-இல் சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் தொடங்கி, பின்னர் சுங்குன் ஜியான் பொறுப்பேற்று வளர்த்த திறந்த மென்பொருள் இது. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறிய போர்டிலேயே ஓடும். அமைப்புகளில் 22-ஆம் எண்ணை 1 என்று மாற்றினால் ஹோமிங் இயங்கத் தயாராகும். அதன்பின் ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் இயந்திரம் பூட்டிய நிலையில் நிற்கும். டாலர் குறியும் எச் எழுத்தும் சேர்ந்த கட்டளையைக் கொடுத்து ஹோம் செய்தால் பூட்டு திறக்கும்.

முதலில் நகர்வது இசட் அச்சு, அதுவும் மேல்நோக்கி. வெட்டும் டூல் ஜாபுக்குள்ளோ கிளாம்புகளுக்கு நடுவிலோ இறங்கி நிற்கலாம் என்பதால் இந்த முன்னுரிமை. டூல் மேலே போனபிறகுதான் எக்ஸ், ஒய் அச்சுகள் நகரும். அவை 25-ஆம் அமைப்பில் உள்ள தேடும் வேகத்தில் போய் ஸ்விட்சைத் தொடும். பிறகு 27-ஆம் அமைப்பில் சொன்ன தூரம் பின்வாங்கி, 24-ஆம் அமைப்பிலுள்ள மிக மெதுவான வேகத்தில் மறுபடி நெருங்கித் தொடும். மீண்டும் அதே தூரம் பின்வாங்கி நிற்கும். ஜிஆர்பிஎல்லோடு வரும் பொதுவான அமைப்பில் தேடும் வேகம் நிமிடத்துக்கு 500 மி.மீ., மெதுவான வேகம் 25 மி.மீ., பின்வாங்கும் தூரம் 1 மி.மீ.

இரண்டு முறை தொடுவதன் காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 500 மி.மீ. என்றால் நொடிக்கு 8.3 மி.மீ. ஸ்விட்ச் விழுந்ததற்கும் அச்சு நின்றதற்கும் இடையில் ஒரு மில்லிநொடி தாமதம் ஏற்பட்டால் அச்சு 8 மைக்ரான் தாண்டிப் போயிருக்கும். தாமதம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்காது. கூடவே, வேகமாக வந்த கனமான ஸ்பிண்டில் சட்டென்று நிறுத்தப்படுவதால் மோட்டார் சில ஸ்டெப்புகளைத் தவறவும் விடலாம். நிமிடத்துக்கு 25 மி.மீ. வேகத்தில் அதே மில்லிநொடிக்கு அச்சு நகர்வது அரை மைக்ரானுக்கும் குறைவு. முதல் தொடுதல் ஸ்விட்ச் எங்கே என்று தேட மட்டும். அதில் நேரும் பிழை எதுவும் கணக்கில் சேர்வதில்லை. இரண்டாவது தொடுதலே பூஜ்யத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே நேரம் மிச்சமாகட்டும் என்று தேடும் வேகத்தை ஓரளவு கூட்டிக்கொள்வதில் தவறில்லை. மெதுவான வேகத்தைக் கூட்டுவதில்தான் நஷ்டம்.

ஸ்விட்சை எப்போதும் ஒரே திசையிலிருந்து தொடுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. லீட் ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள தளர்ச்சி, பட்டறைகளில் பேக்லாஷ் என்று சொல்லப்படுவது, எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கியிருக்கும்போதே ஸ்விட்ச் விழுகிறது. எனவே பேக்லாஷ் உள்ள இயந்திரமும் ஹோமிங்கில் ஒழுங்காக நடந்துகொள்ளும். அந்த ஒழுங்கைப் பார்த்து பேக்லாஷே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஹோமிங் முடிந்ததும் திரையில் பூஜ்யம் தெரியாமல் மைனஸ் 1 என்று தெரிவது பலரைத் திகைக்கவைக்கும். அது கோளாறு அல்ல. ஸ்விட்ச் விழுந்த இடமே பூஜ்யம். அங்கிருந்து 1 மி.மீ. பின்வாங்கியபின் அச்சு நிற்கிறது. ஜிஆர்பிஎல் இயல்பாகவே ஒவ்வொரு அச்சின் கூட்டல் முனையை, அதாவது வலது, பின்புறம், மேல் ஆகியவற்றை, ஹோமாகக் கொள்கிறது. ஆகவே வேலைப் பரப்பு முழுவதும் மைனஸ் எண்களில் அமையும். திசையை மாற்ற 23-ஆம் அமைப்பு உண்டு. அப்படி மாற்றினாலும் ஜிஆர்பிஎல் பரப்பை மைனஸ் பக்கத்திலேயே வைத்திருக்கும்: 300 மி.மீ. நீள அச்சை இடது முனையில் ஹோம் செய்தால் மைனஸ் 299 என்று காட்டும்.

முதன்முறை ஹோம் செய்யும்போது அவசரம் கூடாது. ஸ்பிண்டிலை எல்லா அச்சுகளிலும் நடுவில் நிறுத்தி, ஒவ்வொரு ஸ்விட்சையும் விரலால் அழுத்தி, கன்ட்ரோலர் சரியான அச்சின் பெயரைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்டுயினோமேல் செருகும் பழைய ஷீல்டு போர்டுகள் சிலவற்றில் இசட் லிமிட் என்று அச்சிட்ட முனை 11-ஆம் பின்னுக்குப் போகும், ஜிஆர்பிஎல்லின் 0.9 பதிப்பிலிருந்து அது 12-ஆம் பின்னுக்கு மாற்றப்பட்டது. போர்டில் உள்ள எழுத்தை நம்பி இணைத்தால் இசட் ஸ்விட்ச் வேலை செய்யவே செய்யாது. விரல் சோதனை முடிந்ததும், கட்டளை கொடுத்து அச்சு நகரும்போதே ஸ்விட்சைக் கையால் அழுத்திப் பார்ப்பது நல்லது. அச்சு எதிர்த்திசையில் போனால் எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்த ஒரு கை தயாராக இருக்க வேண்டும்.

தேடும்போது ஸ்விட்சே கிடைக்காவிட்டால் ஜிஆர்பிஎல் 9-ஆம் எண் அலாரத்தைக் காட்டி நின்றுவிடும். அச்சின் மொத்த நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தேடிய பிறகே அது கைவிடும் என்பதால், நீள அமைப்பைத் தவறாகச் சிறிதாக்கி வைத்திருந்தாலும் இதே அலாரம் வரும். பின்வாங்கிய பிறகும் ஸ்விட்ச் விடுபடாவிட்டால் 8-ஆம் எண் வரும். பின்வாங்கும் தூரத்தை 2 அல்லது 3 மி.மீ. ஆக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஸ்விட்சைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துதல்

மலிவானதும் போதுமானதும் மைக்ரோ ஸ்விட்ச். உள்ளே வளைத்துப் பொருத்திய மெல்லிய உலோக இலை, பொத்தான் ஒரு குறிப்பிட்ட புள்ளியைத் தாண்டியதும் சட்டென்று மறுபக்கம் புரளும். அழுத்தும் விரைவு எதுவானாலும் புரளும் புள்ளி ஏறக்குறைய அதேதான். இதன் மதிப்பு முழுவதும் அந்தக் குணத்தில் இருக்கிறது. பலர் செய்யும் பிழை, நீண்ட லீவர் உள்ள வகையை வாங்கி, லீவரின் நுனியில் தட்டும்படி வைப்பது. லீவர் நீளமாக இருந்தால் அழுத்தும் விசை குறையும்; ஆனால் பொத்தானில் நிகழும் சிறு மாறுபாடு நுனியில் பல மடங்காகப் பெருகும். லீவர் வளைந்தால் பூஜ்யமும் வளையும். பொத்தானையே நேராக அழுத்தும்படி, அல்லது லீவரின் அடிப்பகுதிக்கு அருகில் தொடும்படி அமைத்தால் அதே ஸ்விட்ச் இன்னும் ஒழுங்காக நடக்கும்.

ஸ்விட்சின் தரத்தைவிட அது உட்கார்ந்திருக்கும் பிடிமானம் முக்கியம். 3டி பிரிண்டரில் எடுத்த மெல்லிய பிளாஸ்டிக் பிடிமானம் ஸ்விட்ச் அழுத்தப்படும்போது வளையும். வெயில் காலத்தில் இன்னும் அதிகமாக வளையும். 3 மி.மீ. தடிமனான அலுமினியக் கோணத்தை இரண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் இந்தத் தொல்லை இல்லை. அச்சு ஸ்விட்சைத் தாண்டி ஓடிவிட்டால் ஸ்விட்ச் நசுங்காதபடி, தட்டும் பாகம் ஒரு சாய்வான விளிம்போடு பக்கவாட்டில் வழுக்கிச் செல்லும்படி வைப்பது அனுபவம் உள்ளவர்களின் வழக்கம். வெட்டுத்துகள் விழாத முனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தட்டும் பாகத்துக்கும் பொத்தானுக்கும் நடுவில் ஒரு மரத்துகள் சிக்கினால் ஸ்விட்ச் அந்த அளவுக்கு முன்னதாகவே விழும். ஜாப் முழுவதும் அவ்வளவு தூரம் தள்ளி வெட்டப்படும், எந்த அலாரமும் வராது.

துகளும் தூசியும் அதிகமுள்ள இயந்திரத்துக்கு இண்டக்டிவ் பிராக்ஸிமிட்டி சென்சார் நல்ல தேர்வு. உலோகம் அருகில் வந்ததும், தொடாமலேயே இது சைகை தரும். மரத்தூளும் பிளாஸ்டிக் துகளும் இதைப் பாதிப்பதில்லை. அலுமினியச் சுருள் வந்து ஒட்டினால் மட்டும் ஏமாறும். 12 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. கண்டறியும் தூரமும் உள்ள வகை சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. அந்த 4 மி.மீ. இரும்புக்குச் சொன்னது, அலுமினியத்துக்கு அது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். எனவே தட்டும் பாகமாக ஒரு இரும்பு போல்ட்டின் தலையை வைப்பது வழக்கம். இவ்வகை சென்சார்கள் பெரும்பாலும் 6 வோல்ட்டுக்கு மேல்தான் ஒழுங்காக வேலை செய்யும். 5 வோல்ட் ஆர்டுயினோவோடு நேரடியாகச் சேர்க்காமல் நடுவில் ஆப்டோகப்ளர் வைக்க வேண்டும். வெப்பநிலை மாறினால் இதன் கண்டறியும் புள்ளியும் சற்று நகரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒளிக்கற்றை மறைபடும்போது இயங்கும் ஆப்டிகல் ஸ்விட்ச் மிகத் துல்லியமானது. ஆனால் மரம் வெட்டும் இயந்திரத்தில் தூசி படிந்து சீக்கிரம் குருடாகிவிடும். ஸ்விட்சே இல்லாமல், அச்சு முனையில் முட்டி நிற்கும்போது மோட்டாரில் ஏறும் சுமையை வைத்து இடத்தை அறியும் முறையும் உண்டு. டிஎம்சி 2209 போன்ற டிரைவர்களில் அந்த வசதி இருக்கிறது. 3டி பிரிண்டர்களுக்கு அது பொருந்தும். கனமான ஸ்பிண்டிலோடு, ஸ்க்ரூவால் நகரும் அச்சில் அதைத் துல்லியத்துக்காக நம்ப முடியாது.

மாறாத்தன்மையை இன்னும் ஒரு படி உயர்த்தும் வழி ஒன்று தொழிற்சாலை இயந்திரங்களிலிருந்து வந்தது. பால் ஸ்க்ரூவோடு இணைந்த என்கோடர், ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு முறை இண்டெக்ஸ் என்ற துடிப்பைத் தரும். 5 மி.மீ. லீட் உள்ள ஸ்க்ரூவில் அந்தத் துடிப்பு 5 மி.மீட்டருக்கு ஒரு முறை வரும். ஸ்விட்ச் செய்ய வேண்டியது, எந்தச் சுற்று என்று காட்டுவது மட்டும். சரியான புள்ளியை இண்டெக்ஸ் காட்டிவிடும். ஸ்விட்ச் ஒரு மி.மீ. முன்னே பின்னே விழுந்தால்கூட விளைவு மாறாது. லினக்ஸ்சிஎன்சி மென்பொருள் இதை ஆதரிக்கிறது. என்கோடர் இல்லாத ஸ்டெப்பருக்கு இதே எண்ணத்தை கிளிப்பர், மார்லின் என்ற மென்பொருள்கள் வேறு விதமாகச் செய்கின்றன: ஸ்விட்ச் விழும்போது மோட்டாரின் மின்சுழற்சி எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதைக் குறித்துவைத்து, அடுத்த முறையும் அதே கட்டத்தில் நிறுத்துகின்றன.

கம்பியில் வரும் பொய்ச் சைகை

ஹோமிங் சில நாள் ஒழுங்காகவும் சில நாள் தாறுமாறாகவும் நடந்தால் ஸ்விட்சைக் குறை சொல்வதற்கு முன் கம்பியைப் பார்க்க வேண்டும். ஸ்பிண்டில் மோட்டாரும், அதை ஓட்டும் விஎஃப்டியும், ஸ்டெப்பர் மோட்டாரின் கம்பிகளும் சுற்றிலும் மின் இரைச்சலைப் பரப்புகின்றன. ஆர்டுயினோவுக்குள் இருக்கும் புல்அப் ரெசிஸ்டர் 20 கிலோ ஓமுக்கு மேற்பட்டது; நீண்ட கம்பியில் ஏறும் இரைச்சலை அடக்க அது போதாது. ஸ்விட்ச் அழுத்தப்படாமலேயே அழுத்தப்பட்டதாகக் கன்ட்ரோலர் நினைத்துக்கொண்டால், நடுவழியிலேயே பூஜ்யம் அமைந்துவிடும்.

சிகிச்சை மலிவானது. ஷீல்டு கேபிளைப் பயன்படுத்தி, அதன் உறையைக் கன்ட்ரோலர் பக்கம் மட்டும் கிரவுண்டில் சேர்க்க வேண்டும். மோட்டார் கம்பிகளோடு சேர்த்துக் கட்டாமல் தனியாகக் கொண்டுபோக வேண்டும். சைகைக் கம்பிக்கு 4.7 கிலோ ஓம் புல்அப் கொடுத்து, கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்தால் குறுகிய இரைச்சல் துடிப்புகள் வடிகட்டப்படும். இந்த வடிகட்டியால் சைகை தாமதமாகிப் பூஜ்யம் கெட்டுவிடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். தாமதம் அரை மில்லிநொடி அளவில்தான். மெதுவான வேகத்தில் அதற்குள் அச்சு நகரும் தூரம் ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்கு.

ஸ்விட்சை இயல்பில் மூடியிருக்கும் முறையில் இணைப்பதே சரி. அழுத்தாதபோது மின்சுற்று மூடியிருக்கும், அழுத்தினால் திறக்கும். கம்பி அறுந்தாலோ கனெக்டர் கழன்றாலோ உடனே ஸ்விட்ச் விழுந்ததாகக் கருதி இயந்திரம் நின்றுவிடும். எதிர் முறையில் இணைத்திருந்தால், அறுந்த கம்பியோடு அச்சு முனைவரை ஓடி முட்டும். இணைப்பை மாற்றியபின் ஜிஆர்பிஎல்லின் 5-ஆம் அமைப்பையும் மாற்ற வேண்டும்.

இரண்டு மோட்டார் உள்ள காண்ட்ரி

அகலமான இயந்திரங்களில், ஸ்பிண்டிலைத் தாங்கி நகரும் குறுக்குப் பாலமான காண்ட்ரியின் இரு பக்கமும் ஒவ்வொரு மோட்டார் இருக்கும். மின்சாரம் இல்லாதபோது ஒரு பக்கம் கொஞ்சம் தள்ளப்பட்டால் காண்ட்ரி கோணலாகிவிடும். வெட்டும் சதுரம் சாய்சதுரமாகும். இரு பக்கமும் தனித்தனி ஸ்விட்ச் வைத்து, ஒவ்வொரு மோட்டாரும் தன் ஸ்விட்சைத் தொட்டதும் தனியாக நிற்கும்படி செய்தால் ஒவ்வொரு ஹோமிங்கிலும் காண்ட்ரி தானே நேராகும். ஆர்டுயினோ ஊனோவில் ஓடும் அசல் ஜிஆர்பிஎல்லில் இந்த வசதி கிடையாது என்றே கொள்ளலாம். லினக்ஸ்சிஎன்சி, ஜிஆர்பிஎல்ஹால், ஃப்ளூயிட்என்சி ஆகியவற்றில் உண்டு.

இங்கே மட்டும் ஸ்விட்சின் இடம் முக்கியமாகிவிடுகிறது. இரு ஸ்விட்சுகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே காண்ட்ரியின் கோணலைத் தீர்மானிப்பதால், எந்த ஆஃப்செட்டும் அதைச் சரிக்கட்டாது. சோதிக்க, ஒரு பலகையில் 400 மி.மீ. நீளமும் 300 மி.மீ. அகலமும் உள்ள செவ்வகத்தின் நான்கு மூலைகளில் துளையிட வேண்டும். கோணம் சரியாக இருந்தால் இரண்டு மூலைவிட்டங்களும் 500 மி.மீ. இருக்கும். ஒன்று 500.4, மற்றது 499.6 என்று வந்தால், வித்தியாசம் 0.8 மி.மீ. பக்கங்களுக்கு இடையே 600 மி.மீ. உள்ள காண்ட்ரியில் ஒரு பக்க ஸ்விட்சை 1 மி.மீ. நகர்த்தினால் அது சரியாகும். தட்டும் பாகத்தை ஒரு ஸ்க்ரூவாக அமைத்து, லாக் நட் போட்டு வைத்திருந்தால் இந்தச் சீரமைப்பு சில நிமிட வேலை. மூலைவிட்டத்தின் உண்மையான நீளத்தை அளக்கவே தேவையில்லை. இரண்டும் சமமா என்று ஒப்பிட்டால் போதும்.

அளந்து பார்த்தல்

ஹோமிங் எவ்வளவு நம்பகமானது என்று சொல்லக்கூடியது டயல் கேஜ் மட்டுமே. 0.01 மி.மீ. வரை காட்டும் கேஜை மேசையில் அசையாமல் பிடிக்க வேண்டும். மேசை அலுமினியமானால் காந்தத் தாங்கி ஒட்டாது, கிளாம்ப் போட்டே பிடிக்க வேண்டும். கேஜின் முனை தொடுவதற்கு, ஸ்பிண்டிலின் காலெட்டில் ஒரு நேரான இரும்புப் பின்னை மாட்டலாம். ஹோம் செய்தபின், ஜி53 கட்டளையால் இயந்திரக் கணக்கில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போய், கேஜ் காட்டும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அச்சைத் தொலைவுக்கு ஓட்டி, மறுபடி ஹோம் செய்து, அதே இடத்துக்கு அதே திசையிலிருந்து வர வேண்டும். பத்து முறை செய்தால் ஒரு படம் கிடைக்கும். மிகப் பெரிய அளவுக்கும் மிகச் சிறிய அளவுக்கும் உள்ள வித்தியாசமே அந்த அச்சின் மாறாத்தன்மை.

பத்தையும் ஒரே நிலையில் எடுப்பதில் பயன் குறைவு. சிலவற்றை மின்சாரத்தை நிறுத்திப் போட்ட பிறகும், சிலவற்றை ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டிருக்கும்போதும், சிலவற்றை ஒரு மணி நேரம் வெட்டிய பிறகும் எடுக்க வேண்டும். அளவுகள் ஒழுங்கில்லாமல் சிதறினால் தளர்ந்த பிடிமானத்தையோ கம்பி இரைச்சலையோ சந்தேகிக்கலாம். ஸ்பிண்டில் சுற்றும்போது மட்டும் சிதறினால் இரைச்சலேதான். ஒரே திசையில் மெல்ல நகர்ந்துகொண்டே போனால் வெப்பமோ, மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங் வழுக்குவதோ காரணமாக இருக்கும்.

மரவேலைக்கு 0.1 மி.மீ. மாறுபாடு பெரிதாகத் தெரியாது. இரு பக்கப் பிசிபிக்கு 0.05-க்குள் வந்தால் துளைகள் பொருந்தும். அலுமினியத்தில் டூல் மாற்றி, பாதியில் விட்ட சுவரைத் தொடர்ந்து வெட்டும்போது 0.02-ஐ நோக்கிப் போவது நல்லது. அதற்குமேல் விட்டால் சுவரில் ஒரு படி விழும், விரல் வைத்தாலே தெரியும். சாதாரண மைக்ரோ ஸ்விட்சை உறுதியாகப் பொருத்தி, மெதுவான வேகத்தில் தொட்டாலே இந்த அளவுகளுக்கு அருகில் வர முடியும்.

3018 வகை இயந்திரங்களில் ஒரு மி.மீட்டருக்கு 800 ஸ்டெப் என்ற அமைப்பு வழக்கமானது. கணக்குப்படி ஒரு மைக்ரோஸ்டெப், அதாவது டிரைவர் முழு ஸ்டெப்பைப் பிரித்து உண்டாக்கும் சிறு பங்கு, 1.25 மைக்ரான். அந்த எண்ணைப் பார்த்து இயந்திரத்தின் துல்லியமும் அதுவே என்று நினைப்பது பரவலான மயக்கம். முழு ஸ்டெப்பின் நீளம் 20 மைக்ரான். அதற்கு இடைப்பட்ட புள்ளிகளில் மோட்டார் நிற்கும் இடம் சுமையைப் பொறுத்து மாறும். ஹோமிங்கில் ஒன்றிரண்டு மைக்ரானுக்காகப் போராடுவது வீண் வேலை.

ஹோமிங் செய்யாதவை

ஹோமிங் தொடக்கப் புள்ளியைத் தருகிறது. அதற்குப் பிறகு நடப்பவற்றுக்கு அது பொறுப்பல்ல. வெட்டும்போது சுமை அதிகமாகி மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிட்டால், கன்ட்ரோலருக்கு அது தெரியாது. தவறும் அளவு நான்கு முழு ஸ்டெப்பின் மடங்குகளாகவே இருக்கும். 3018-இல் அது 0.08, 0.16, 0.24 மி.மீ. என்று வரும். ஜாப் நடுவில் இப்படிப்பட்ட அளவில் விலகியிருந்தால் ஸ்விட்சைக் கழற்றிப் பார்ப்பதில் பயனில்லை. வெட்டும் வேகத்தையும் மோட்டாருக்குக் கொடுக்கும் மின்னோட்டத்தையும் பார்க்க வேண்டும்.

வெப்பமும் அப்படியே. 500 மி.மீ. நீளமுள்ள அலுமினியச் சட்டம் 10 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 0.11 மி.மீ. நீளும், இரும்பு ஸ்க்ரூ அதில் பாதி. காலையில் குளிர்ந்த நிலையில் ஹோம் செய்து, மதியம் முடிக்கும் நீண்ட வேலைகளில் இது தெரியும். துல்லியம் தேவைப்படும் நாளில், ஸ்பிண்டிலைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அச்சுகளை முன்னும் பின்னும் ஓட்டி, இயந்திரம் வேலைச் சூட்டை அடைந்தபின் ஹோம் செய்வது பலன் தரும்.

டூல் மாற்றினால் அதன் நீளமும் மாறும். அதனால் இசட் ஆஃப்செட்டை ஒவ்வொரு டூலுக்கும் டச் பிளேட் வைத்து மறுபடி எடுக்க வேண்டும். எக்ஸ், ஒய் ஆஃப்செட்டைத் தொடத் தேவையில்லை, தொடவும் கூடாது.

ஹோமிங் இயங்கினால்தான் சாஃப்ட் லிமிட்டை ஜிஆர்பிஎல் அனுமதிக்கும். அச்சின் எல்லையைத் தாண்டச் சொல்லும் கட்டளையை, நகர்வதற்கு முன்பே அது மறுத்துவிடும். ஹார்டு லிமிட் ஸ்விட்சில் முட்டி நின்ற இயந்திரத்தின் இடக்கணக்கை அதற்குப் பிறகு நம்ப முடியாது, மறுபடி ஹோம் செய்தே ஆக வேண்டும். அந்த நிலைக்கு வராமல் தடுக்க, அச்சுகளின் நீளங்களை 130, 131, 132-ஆம் அமைப்புகளில் உண்மையாக அளந்து எழுதி, 20-ஆம் அமைப்பை 1 ஆக்கிவிட வேண்டும். மலிவான 3018 முதல் வீட்டில் கட்டிய பெரிய காண்ட்ரி வரை, ஸ்விட்ச் உள்ள எந்த இயந்திரத்திலும் இதைச் செய்யாமல் விடக் காரணம் ஏதும் இல்லை.